‘குறுக்கீடு’ என்று நான் போட்ட இடம்

என் அன்பு அண்ணை யோனாவுக்கு,

நீங்கள் போய்ப் பத்துக் கிழமை ஆகிறது. கென்யாவின் காய்ந்த மண்ணில் உங்களை அடக்கம் செய்த அன்று இங்கே மொன்ட்ரியாலில் முழங்கால் வரை பனி கொட்டிக் கிடந்தது. இவ்வளவு தண்ணீரையும் வீதியோரம் குவித்து, லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கேயோ எறிகிறார்கள். பார்த்திருந்தால் நீங்கள் சபையில் செய்வதுபோல உடனே எழுந்து, இது முறையா என்று ஒழுங்குப் பிரச்சினை கிளப்பியிருப்பீர்கள்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழில் தெரிந்தது மூன்றே மூன்று சொற்கள்: வடை, தம்பி, போதும். மூன்றாவது சொல்லை என் மனைவி தவமணி பரிமாறும்போது நீங்கள் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை இங்குள்ள எங்கள் சங்கத்து மலரில் அச்சேற்றக் கொடுக்கப்போகிறேன். நான் செய்த பிழை ஒரு புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. அதை அச்சில்தான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாசிக்கிறவர்களுக்கு நீங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நைரோபி நாடாளுமன்றத்தில் நாலு தவணை உறுப்பினர். மழை எட்டிப் பார்க்காத ஒரு தொகுதியின் ஆள். நானோ யாழ்ப்பாணத்தில் சுருக்கெழுத்துப் படித்து, பத்திரிகை விளம்பரம் பார்த்து அங்கே போனவன். சபையில் யார் எதைப் பேசினாலும் சொல்லுக்குச் சொல் எழுதி, ஹன்சார்ட் என்ற தடித்த புத்தகத்தில் ஏற்றுவதுதான் இருபத்தைந்து வருடம் என் பிழைப்பு.

சபையின் நடுவில் எங்களுக்கு ஒரு சிறிய மேசை. ஒருவர் பத்து நிமிடம் எழுதுவார், பிறகு அடுத்தவர் வந்து உட்கார, முதல் ஆள் எழுந்துபோய்த் தன் பத்து நிமிடத்தைத் தட்டச்சு செய்வார். உங்கள் இருக்கை அந்த மேசைக்கு நேர் பின்னால். மற்றவர்கள் கத்தக் கத்த நீங்கள் குரலைத் தாழ்த்துவீர்கள். அமைச்சர்கள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் குனிவார்கள். எழுதுகிற எங்களுக்குத்தான் கழுத்து வலி.

அந்தக் கலங்கல் தண்ணீர்ப் போத்தல் நினைவிருக்கிறதா? உங்கள் தொகுதிக் குளத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்து வாங்குப் பலகையின் மேல் வைத்தீர்கள். சபைக்குள் காட்சிப்பொருள் கொண்டுவரக்கூடாது என்று சபாநாயகர் தடுத்தார். “ஐயா, என் மக்கள் இதைக் குடிக்கிறார்கள். சபை இதைப் பார்க்கக்கூடவா கூடாது?” என்றீர்கள். நான் அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று போட்டேன். அடுத்த நாள் அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு, “சிரிப்பு என்று போட்டிருக்கிறாயே, சிரித்தவர்களின் பெயரையும் போடேன்” என்று கேட்டீர்கள். அந்தக் கூட்டத்தொடர் முழுக்க அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் ஒரு ஆழ்துளைக் கிணறு வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் போனீர்கள்.

பேச்சை எழுதி முடித்ததும் அச்சுப்படியை அந்தந்த உறுப்பினருக்கு அனுப்புவோம். இலக்கணப் பிழை திருத்தலாம், கருத்தை மாற்றக்கூடாது. ஆனால் முதல் நாள் பேசாத ஞானத்தையெல்லாம் மறுநாள் காலையில் செருகிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் ஒரு சொல்லைக்கூடத் தொட்டதில்லை. “சொன்னது சொன்னதுதான்” என்பீர்கள். ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு அச்சுப்படியை வாங்கிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டீர்கள். “நீ எழுதினால் நான் பார்க்கத் தேவையில்லை” என்றீர்கள். அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வீட்டுக்குப் போய்த் தவமணியிடம் இரண்டு தரம் சொன்னேன்.

உங்கள் சுவாஹிலியில் சகோதரன் என்றால் சகோதரன்தான். எங்கள் பாஷையில் அண்ணனா தம்பியா என்று தெரிந்தாக வேண்டும் என்று நான் சொன்னபோது, என் தலையையும் உங்கள் தலையையும் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு, “எனக்குத்தான் முடி குறைவு, நான் அண்ணன்” என்று முடிவுசெய்தீர்கள். அன்றிலிருந்து அலுவலகத்துக்குள் நீங்கள் நுழைந்தால் “தம்பி” என்ற சத்தம்தான் முதலில் வரும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மாடுகளுக்கு உண்ணி மருந்துத் தொட்டி கட்டுவது பற்றிய விவாதம். நாட்டில் ஒரே ஒரு கட்சி இருந்த காலம், வாயைத் திறக்க எல்லோரும் யோசித்த காலம். வேறு யாரோ இருவருக்குள் வாக்குவாதம் மூண்டு சபையே இரைந்துகொண்டிருந்தபோது நீங்கள் எழுந்தீர்கள். வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினீர்கள். மேசையில் இருந்தது நான்.

“மாடுகளின் எண்ணிக்கை அமைச்சரிடம் சரியாக இருக்கிறது. என் தொகுதியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை வகுப்பறையில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மாதமாகிறது. அவர் உயிரோடு இருந்தால் எங்கே என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அதையாவது சொல்லுங்கள். அவர் மனைவி அழுது முடிக்க வேண்டும்.”

அமைச்சருக்குக் கேட்டது, கேட்காதது போலக் கடதாசியைப் புரட்டினார். பக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். இரைச்சல் அடங்கியபோது நீங்கள் மருந்துத் தொட்டிக்குத் திரும்பியிருந்தீர்கள். அதை நீக்கும்படி சபாநாயகர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை, அண்ணை. என் கை அத்தனையையும் சுருக்கெழுத்தில் பிடித்துவிட்டது. பிறகு எழுந்துபோய்த் தட்டச்சு மேசையில் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் விரல் நின்றது. நாலு வரியையும் விட்டுவிட்டு, இரைச்சலில் பேச்சுக் கேட்காத இடத்துக்கு நாங்கள் போடுகிற ‘குறுக்கீடு’ என்ற ஒரே ஒரு சொல்லை அடித்தேன்.

இத்தனை வருடமும் உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். எழுத்தில் இல்லையென்றால் உங்களையும் வந்து கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள் என்று நினைத்தது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. அந்தப் பக்கத்தின் கீழே எழுதியவனின் முதலெழுத்துகள் இருக்கும். அதை யாராவது மேலிடத்தில் வாசித்தால், ‘யார் இந்த ஆசியாக்காரன்’ என்று கேட்டால் என்ன செய்வேன்? மகனும் மகளும் பள்ளிக்கூடத்தில். நான் பயந்தேன். எனக்காகப் பயந்தேன். இதை இவ்வளவு வெளிப்படையாக எழுத எனக்கு அறுபத்துநாலு வயது ஆகவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து தவமணியிடம் சொன்னேன். “நல்லது செய்தனீங்கள்” என்றாள்.

நீங்கள் அச்சுப்படியைப் பார்க்கவில்லை. அன்று மாலையே பஸ் பிடித்து ஊருக்குப் போய், வாத்தியாரின் மனைவியிடம் “நான் சபையில் கேட்டேன், அது புத்தகத்தில் இருக்கும்” என்று சொல்லிவிட்டீர்கள். வாத்தியார் திரும்பி வரவே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பல கட்சித் தேர்தல் வந்தது. உங்களை எதிர்த்து நின்றவர் அந்த ஹன்சார்ட்டைத் தேடிப் பிடித்து, கூட்டம் கூட்டமாக வாசித்துக் காட்டினார். வாத்தியாரைப் பறிகொடுத்த ஊரின் உறுப்பினர் சபையில் எழுந்து மாட்டு உண்ணியைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்றார். நாலு தவணை பேசிய பேச்செல்லாம் அந்த ஒரு பக்கத்தில் அடிபட்டுப்போனது. பொய் சொன்னவர் என்று பெயர் வந்து, தோற்றீர்கள். அந்த அம்மா உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தோற்ற பிறகு ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தீர்கள். அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, வெகுநேரம் பார்த்தீர்கள். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, “தம்பி, பிள்ளைகள் சுகமா?” என்று கேட்டீர்கள். “சுகம்” என்றேன். இஞ்சித் தேநீர் குடித்துவிட்டுப் போனீர்கள். அந்தப் பக்கத்தின் கீழே என் முதலெழுத்துகளைக் கண்டீர்களா, அண்ணை? கண்டிருந்தால் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

அடுத்த வருடம், முன்பே படிக்க வந்து இங்கே தங்கிவிட்ட மகன் ஸ்பொன்சர் பண்ணி எங்களை இங்கே கூப்பிட்டான். பியர்பொன்ட்ஸில் அவன் வீட்டில் இருக்கிறோம். பேத்தியைக் காலையில் கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும், அங்குள்ள பெண்ணிடம் “பொன்ஜூர்” சொல்லிவிட்டு மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இல்லாமல் திரும்பி வருவதும்தான் இப்போது என் வேலை. வந்து ஒன்றரை வருடத்தில் உங்கள் கடிதம் வந்தது. ‘மகள் முவெண்டேக்கு அங்கே விவசாயம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நீ இருக்கிற ஊர் என்பதால் நான் பயப்படவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைத் தவமணியிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உங்கள் மகள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு பஸ் மாறி மாறி வந்துவிடுவாள். மண்ணில் ஈரத்தை எப்படித் தக்கவைப்பது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியாம். யாருடைய பிள்ளை என்று வேறு கேட்க வேண்டுமா? என்னை அவள் ‘பாபா ம்டோகோ’ என்கிறாள். சின்ன அப்பா என்று அர்த்தம். அதைக் கேட்டுத் தவமணி, “அது எங்கட சித்தப்பாதானே” என்று மகிழ்ந்துபோனாள். முவெண்டே வருகிற ஞாயிறுகளில் எனக்கு மட்டும் சோறு இறங்குவதில்லை.

நீங்கள் இல்லை என்ற செய்தியை அவள்தான் தொலைபேசியில் சொன்னாள். தேர்வு நேரம், விமானம் மாறிப் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்று அங்கிருந்தே தடுத்துவிட்டார்கள். தவமணி எங்கள் முறைப்படி உங்களுக்கு எட்டாம் நாள் படைத்தாள். “அண்ணை எண்டு கூப்பிட்டுப்போட்டு எட்டுச் செலவு செய்யாமல் விடேலுமே?” என்றாள். ஆட்டிறைச்சிக் குழம்பு, வடை, ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீர். உங்கள் படத்துக்கு முன்னால் வாழையிலை இல்லை. நகரத்தின் இன்னொரு மூலையில் ஒரு தமிழ்க் கடையில் கிடைக்கும் என்றார்கள், அந்தக் குளிரில் யாரும் போகவில்லை. பீங்கான் தட்டில்தான் வைத்தோம், குறை நினைக்காதீர்கள்.

முவெண்டே வந்திருந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

“பாபா ம்டோகோ, அப்பா பேசியதையெல்லாம் நீங்கள்தானே எழுதினீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். வாத்தியாரைப் பற்றி அவர் அன்று கேட்டாரா, இல்லையா? கேட்டேன் என்று என் அம்மாவிடம் சொன்னார். புத்தகத்தில் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள்கூட அதைப் பற்றித்தான் குசுகுசுத்தார்களாம். அப்பா பொய் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. எனக்குத் தெரிந்தால் போதும்.”

“கொஞ்சம் பொறு பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனேன். தவமணி பின்னால் வந்தாள்.

“சொல்லப்போறியளோ?”

“சொன்னால் இனி இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டாள், தவம்.”

“வராட்டில் வராமல் விடட்டும். தேப்பன் பொய்காரன் எண்டு நினைச்சுக்கொண்டு அந்தப் பிள்ளை எங்கட சோத்தைத் தின்னுறதை இனிப் பாக்கேலாது. அண்டைக்கு நல்லது எண்டு நானும் சொன்னனான்தானே. அதையும் சேத்துச் சொல்லுங்கோ.”

அவளே அறைக்குள் போய், சேலைப் பெட்டியின் அடியிலிருந்து அந்தக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வந்தாள். எழுதி முடிந்த குறிப்புப் புத்தகங்களை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அதுதான் சட்டம். இந்த ஒன்றை மட்டும் நான் ஒப்படைக்கவில்லை. எரிக்கவும் கை வரவில்லை. நைரோபியிலிருந்து இங்கே வரைக்கும் சேலைகளுக்கு அடியில் கிடந்து வந்திருக்கிறது.

முவெண்டேக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சுருக்கெழுத்துக் கோடுகளை வாசித்தேன். மாடுகளின் எண்ணிக்கையிலிருந்து ‘அவர் மனைவி அழுது முடிக்க வேண்டும்’ வரை. என்னை அறியாமல் குரல் தாழ்ந்திருந்தது. அவள் முன்னால் குனிந்து கேட்டாள்.

“இன்னொரு தரம்” என்றாள். வாசித்தேன்.

“இதுதான் அப்பா” என்று சொல்லிவிட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்படியானால் இது ஏன் புத்தகத்தில் இல்லை?” என்று கேட்டாள்.

சொன்னேன். பயத்தையும் விடாமல் சொன்னேன். தவமணி தன் பங்கையும் தனக்குத் தெரிந்த உடைந்த சுவாஹிலியில் சொன்னாள். முவெண்டே எங்களைத் திட்டவில்லை. எழுந்து கோட்டைப் போட்டாள், சப்பாத்தைப் போட்டாள், கதவருகே நின்று யோசித்தாள். பேத்தி பாட்டுக் கேட்கிற சிறிய டேப் ரெக்கோடர் சோபாவில் கிடந்தது. கோட்டோடேயே திரும்பி வந்து அதை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இப்போது சொன்னதை அப்படியே இதில் சொல்லுங்கள். எனக்கு இல்லை, வாத்தியார் மனைவிக்கு. உங்கள் பெயரையும் சொல்லுங்கள்.”

சொன்னேன். கசெற்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வடையை அவள் தொடவே இல்லை. அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் வரவில்லை, தொலைபேசியும் இல்லை. தவமணி ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி போட்டாள்.

போன ஞாயிறு மணி அடித்தது. முவெண்டே நின்றாள், கையில் வேறொரு கசெற். ஊரிலிருந்து பதில் வந்திருந்தது. மூவரும் அடுக்களை மேசையில் இருந்து கேட்டோம். பின்னால் கோழி கொக்கரிக்கிற சத்தம், பிறகு ஒரு வயதான அம்மாவின் குரல். என் பெயரைச் சொல்லி, சுகமா என்று விசாரித்துவிட்டு ஆரம்பித்தாள், அண்ணை.

தேர்தல் முடிந்த பிறகு அவள் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கத்தினாளாம். ‘புத்தகத்தில் இல்லையே, ஏன் என்னிடம் பொய் சொன்னாய்’ என்று கேட்டாளாம். நீங்கள் நைரோபிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னீர்களாம்: “அம்மா, நான் கேட்டேன். எழுதியவன் எழுதாமல் விட்டிருக்கிறான். அவன் வேற்று நாட்டிலிருந்து வந்தவன், அன்று அவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அவன் பெயரை நான் சொல்ல மாட்டேன், நீங்களும் தேடாதீர்கள்.” தோற்ற ஆள் சாக்குச் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாளாம். இத்தனை வருடமும் உங்களோடு பேசவில்லையாம். ‘அவர் பெட்டிக்கு ஒரு பிடி மண்கூட நான் போடவில்லை’ என்று சொல்லும்போது அந்தக் குரல் நின்றுவிட்டது. நாடா மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி இடத்துக்கு ஹன்சார்ட்டில் குறி கிடையாது.

ஆக, உங்களுக்குத் தெரியும். அந்த அலமாரிக்கு முன்னால் நின்று பிள்ளைகள் சுகமா என்று கேட்டபோதே தெரியும். தெரிந்துகொண்டுதான் என் வீட்டுக்கு மகளையும் அனுப்பியிருக்கிறீர்கள். நான் உங்களைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்த வருடங்களில் எல்லாம் நீங்கள்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். அதற்கு விலையாக ஒரு பெண்ணின் கண்ணில் பொய்காரனாகவே இருந்து செத்துப்போனீர்கள். ஏனண்ணை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே. சொல்லியிருப்பேனா?

முவெண்டே அன்று சாப்பிட்டுவிட்டுப் போனாள். ‘பாபா ம்டோகோ’ என்று அவள் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிடாமலே எல்லாம் கேட்டாள், எல்லாம் சொன்னாள். அது போதும், அதுவே அதிகம்.

குறிப்புப் புத்தகத்தின் நகலையும், ஆங்கிலத்தில் எழுதிய சத்தியக் கடதாசியையும் சபைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அச்சான புத்தகத்தைத் திருத்துவார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவர்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. கோடை விடுமுறைக்கு முவெண்டே ஊருக்குப் போகிறாள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வருவேன். ஊரார் எல்லோருக்கும் கேட்க, உங்களுடைய நாலு வரியையும் உரத்து வாசிப்பேன். அதை எழுதாமல் விட்டவன் நான்தான் என்றும் சொல்வேன். பிறகு அவள் தன் ஒரு பிடி மண்ணைப் போடட்டும். இது என் வாக்கு, அண்ணை. இந்த முறை ஒரு சொல்லையும் விடமாட்டேன்.

கீழே என் முதலெழுத்துகளை மட்டும் போட்டு ஒளிந்துகொள்ளாமல், முழுப் பெயரோடு,

நீங்கள் கடைசிவரை பெயர் சொல்லாமல் காத்த தம்பி,
சிவபாதம்
பியர்பொன்ட்ஸ், மொன்ட்ரியால்